ஆறாம் மரத்து வக்கா

டொக். டொக். டொக்.

சத்தம்தான் முதலில் வந்தது. ஏரி முழுக்கப் பனி. தண்ணீர் தெரியவில்லை. கரை தெரியவில்லை. தண்ணீருக்குள் வரிசையாக நிற்கும் பத்துக் கருவேல மரங்களும் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் எங்கிருந்தோ, காய்ந்த மரத்தில் அலகு மோதும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று தட்டு. ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று தட்டு.

ஆறாம் மரத்துக் கூட்டில் ஒரு குஞ்சு தலையைத் தூக்கியது.

"அம்மா, யாரு அது?"

தாய் வக்கா அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. வக்கா இரவில் மீன் பிடிக்கும் பறவை. மற்றப் பறவைகள் எழும்போது அது படுக்கும். அவை படுக்கும்போது அது கிளம்பும்.

"மரங்கொத்தி. கரையில நிக்கிற மொட்டைப் பனையில தட்டுறாரு. வாயைத் தொற."

குஞ்சு மீனை விழுங்கிவிட்டு மறுபடி கேட்டது. "எதுக்குத் தட்டுறாரு?"

"குத்து ஆரம்பிக்குதாம். எல்லா மரத்துக்கும் தெரியணுமில்ல."

"குத்துன்னா வலிக்குமா?"

"நண்டு கடிக்கிற அளவுக்குக்கூட வலிக்காதாம்."

"உன்னை நண்டு கடிச்சிருக்கா?"

"கடிச்சிருக்கு. தூங்கு."

குஞ்சின் பெயர் பொட்டு. பழுப்பு இறகில் உடம்பெல்லாம் வெள்ளைப் பொட்டு வைத்ததுபோல் இருக்கும். அந்தக் கூட்டில் அது ஒன்றுதான்.

போன வருஷம் மூன்று இருந்தன. மாசியில் கொசு கிளம்பியதும் அம்மை வந்தது. முதலில் அலகின் ஓரத்தில் ஒரு பரு. பிறகு கண்ணிமையில். பிறகு தொண்டையில். பத்து மரத்திலும் சேர்த்துப் பிழைத்த குஞ்சுகள் ஏழுதான். வக்காவின் கூட்டில் மூன்றும் போயின. பங்குனியில் ஏரி வற்றியதும் பறவைக் கூட்டம் கடலோரத்துக் கழிமுகத்துக்குக் கிளம்பியது. வக்கா கிளம்பவில்லை. காலிக் கூட்டின் குச்சிகளை இங்கிருந்து எடுத்து அங்கே வைத்துக்கொண்டிருந்தது. இந்த வருஷம் பொட்டு முட்டைக்குள் இருந்தபோதே வக்காவின் இணையும் ஒரு மின்கம்பியில் மோதிப் போய்விட்டது.

அந்தக் கழிமுகம்தான் அது பிறந்த இடம். அதைப் பற்றிப் பேசாமல் பொட்டுவைத் தூங்கவைக்க அதற்குத் தெரியாது.

"அங்க தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போகும். ரெண்டு தடவை வரும்."

"போற தண்ணி எங்கம்மா போகும்?"

"யாருக்குத் தெரியும். ஆனா வந்துடும்."

"நாம எப்பப் போவோம்?"

"உன் இறக்கை என் இறக்கை நீளத்துக்கு வந்ததும்."

பொட்டு உடனே இறக்கையை விரித்துத் தாயின் இறக்கையோடு ஒட்டவைத்துப் பார்க்கும். தினமும் பார்க்கும். பாதி நீளம் வந்திருந்தது.

குத்து என்ற யோசனை மரங்கொத்தியுடையது. ஏரியின் மதகுச் சுவரில் மாடப்புறாக்கள் குடியிருந்தன. அவற்றுக்கும் தை பிறந்தால் பரு வரும். ஆனால் சின்னதாக வந்து, பொருக்குக் கட்டி உதிர்ந்துவிடும். அதே சுவரின் பொந்தில் ஒரு மைனாவும் குஞ்சு பொரித்திருந்தது. புறாவோடு இடித்துப் பிடித்து வளர்ந்த குஞ்சுகள். போன வருஷம் ஏரியே அழுதபோது அந்த மைனாக் குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரங்கொத்தி அதைப் பார்த்தது. பார்த்ததை மறக்காமல் ஒரு வருஷம் யோசித்தது.

இந்தத் தையில் புறாவிடமிருந்து உதிர்ந்த பொருக்குகளைப் பொறுக்கிப் பொடித்தது. நத்தை ஓட்டில் போட்டுப் பனித்துளி விட்டுக் குழைத்தது. கருவேல முள் எப்போதும் ஜோடியாகத்தான் முளைக்கும். அந்த இரட்டை முள்ளை அலகில் பிடித்து, குழம்பில் தோய்த்து, இறக்கை மடிப்பின் மெல்லிய தோலில் ஒரே ஒரு குத்து. முதலில் தன்னுடைய குஞ்சுகளுக்குத்தான் குத்தியது. அவை மொட்டைப் பனையைச் சுற்றி நன்றாகவே பறந்துகொண்டிருந்தன.

ஒரு சிக்கல் இருந்தது. வெயில் பட்டால் குழம்பு கெட்டுவிடும். விடிந்து வெயில் ஏறுவதற்குள் ஒரு மரத்துக்குத்தான் குத்த முடியும். பத்து மரத்துக்குப் பத்து நாள். பொடியும் பத்து மரத்துக்குத்தான் இருந்தது. அது தீர்ந்தால் அடுத்த தையில்தான்.

"ஆறாம் நாள் நான் தூங்காம இருக்கேன் அண்ணே," என்று வக்கா சொல்லியனுப்பியிருந்தது.

இனி ஆள்காட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆள்காட்டி கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும் பறவை. ஏரிக்குக் காவல் அதுதான். யார் வந்தாலும் முதலில் அதன் குரல்தான் எழும்பும். அந்த ஏரியில் ஒரு பழக்கம் இருந்தது. காவல் குரல் காதில் விழுந்தால் உடனே அடுத்த மரத்துக்குக் கடத்த வேண்டும். பார்த்துவிட்டுக் கடத்தலாம் என்று இருக்கக் கூடாது. முன்பொரு காலத்தில் ஒரு கூழைக்கடா, "எங்க பருந்து, காணோமே?" என்று கேட்டதாம். கேட்டு முடிப்பதற்குள் அதன் குஞ்சைக் காணோமாம். அதிலிருந்து யாரும் கேட்பதில்லை. ஒரு மூச்சு விடும் நேரத்தில் முதல் மரத்துச் செய்தி பத்தாம் மரத்துக்குப் போய்விடும்.

பொட்டு உயிரோடு இருப்பதே அந்தப் பழக்கத்தால்தான். மார்கழியில் ஒரு பகல், சேற்றுப் பருந்து தாழ வந்தபோது வக்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. குரல் கேட்டு விழித்துக் குஞ்சின்மேல் இறக்கையைப் போட்டு மூடியது. பருந்தின் நகம் அதன் முதுகைக் கீறிக்கொண்டு போனது.

அதனால் ஆள்காட்டியின் சொல் என்றால் வக்காவுக்கு மறுசொல் கிடையாது.

முதல் நாள் முதல் மரத்தில் குத்து நடந்தது. அங்கே பாம்புத்தாராவின் குஞ்சுகள். இரண்டாம் நாள் இரண்டாம் மரம். இப்படியே ஐந்து மரம் முடிந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஆள்காட்டி கரையோரம் நடந்துகொண்டிருந்தது. போகிற போக்கில் முதல் மரத்தை அண்ணாந்து பார்த்தது. பாம்புத்தாராவின் குஞ்சு ஒன்று வலது இறக்கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. இறக்கை மடிப்பில் வேப்பங்கொட்டை அளவுக்கு வீக்கம்.

மரத்தில் ஏறிப் பார்க்க ஆள்காட்டியால் முடியாது. அதன் காலில் கிளையைப் பிடிக்கும் பின்விரல் இல்லை. ஆனால் கீழேயிருந்து, "குஞ்சுக்கு என்ன தாராக்கா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. கூவித்தான் பழக்கம்.

"வீங்கிடுச்சு! குத்தின இறக்கை வீங்கிடுச்சு!"

இரண்டாம் மரத்து மீன்கொத்தி அதை வாங்கியது. "குத்தின இறக்கை தொங்கிடுச்சு!"

நாலாம் மரத்து நீர்க்காகம் அதை வாங்கியது. "குத்தின இறக்கை இனிமே பறக்காது!"

ஐந்தாம் மரத்துக் கொக்கு எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். "மரங்கொத்தி இறக்கையக் கழட்டுதாம்!"

பாம்புத்தாரா அதிகம் பேசாத பறவை. "வீங்கும்னு முன்னாடியே சொன்னாரே," என்று அது முணுமுணுத்தது. அந்த முணுமுணுப்பைக் கடத்த யாருக்கும் தோன்றவில்லை.

வக்கா தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்தது.

"என்ன, என்ன ஆச்சு?"

"உனக்குத் தெரியாதா? நல்லாத் தூங்கினே போ," என்றது கொக்கு. "குத்திக்கிட்ட குஞ்சு எதுவும் பறக்காதாம். நாளைக்கு உங்க மரம்."

"யாரு சொன்னது?"

"ஆள்காட்டி."

"ஆள்காட்டியக்காவேவா?"

"பின்னே, நானா?"

வக்கா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பொட்டுவின் இறக்கையை அலகால் கோதிக்கொண்டே இருந்தது. தூக்கம் திரும்ப வரவில்லை.

ஆறாம் மரம் கரைக்குப் பக்கம். பொழுது சாயும் நேரத்தில் நரி ஒன்று கரையில் வந்து உட்கார்ந்து வாலைச் சுருட்டிக்கொண்டது.

"என்ன வக்காம்மா, இன்னிக்குத் தூக்கம் இல்லபோல."

"உனக்கென்ன வந்துச்சு?"

"எனக்கென்ன. எனக்கு இறக்கையும் கிடையாது, குத்தும் கிடையாது. சும்மா ஒரு யோசனை. இந்த மரங்கொத்தி மரத்துப் புழுவைத் தின்னு பொழைக்கிற ஆளு. அவருக்கு நீர்ப்பறவைங்க மேல திடீர்னு இவ்வளவு பாசம் எங்கேருந்து வந்துச்சு?"

வக்கா பொட்டுவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டது.

"நான் ஒண்ணும் சொல்லலை. கேக்கத்தான் கேக்கறேன். அந்த முள்ளுல என்ன தடவியிருக்குன்னு யாராச்சும் பார்த்தீங்களா?"

"புறாவோட பருப் பொருக்காம். அவரே சொன்னாரு."

"அடடா. அப்ப நோயைத்தான் குத்தறாரா?" நரி நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. "இருக்கட்டும், இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லலைம்மா. பெத்தவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

கண் மூடிப்போன குஞ்சு கூட்டிலிருந்து தவறி எங்கே விழும் என்று நரிக்குத் தெரியும். போன வருஷம் மாசியில் அது ஓடக்கூட முடியாத அளவுக்குக் கொழுத்திருந்தது. அதை அது சொல்லவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

ஆறாம் நாள் விடிந்தது. டொக், டொக், டொக். இந்தத் தடவை சத்தம் வக்காவின் மரத்திலேயே கேட்டது. நத்தை ஓட்டைக் கிளைக்கவட்டில் வைத்துவிட்டு மரங்கொத்தி தண்டில் ஒட்டி நின்றது.

"முழிச்சிருக்கியா தங்கச்சி?"

"முழிச்சிருக்கேன். ஆனா வேண்டாம் அண்ணே."

"வீக்கத்தைக் கேள்விப்பட்டியா?"

"ஏரியே கேள்விப்பட்டிருக்கு."

"வீங்கத்தான் செய்யும்மா. வீங்கினாத்தான் குத்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அஞ்சாம் நாள் வீங்கும், பத்தாம் நாள் பொருக்கு உதிர்ந்துடும். என் குஞ்சுங்களுக்கும் அப்படித்தான் ஆச்சு. குத்துற மரத்துல மட்டும் அதைச் சொல்லிட்டு, மத்த மரத்துக்குச் சொல்லாம விட்டேன் பாரு, அது என் தப்பு."

"உங்களுக்கு இதுல என்ன அண்ணே?"

மரங்கொத்தி ஏரியைத் திரும்பிப் பார்த்தது.

"விடியக்காலம் இந்த ஏரியிலேருந்து ஒரு இரைச்சல் எழும்புமே, அதைக் கேட்டுத்தான் நான் வேலையைத் தொடங்குவேன். போன வருஷம் மாசிக்கப்புறம் அது இல்ல. என் தட்டு மட்டும்தான் எனக்கே கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவுதான் எனக்கு."

வக்காவின் கழுத்து கொஞ்சம் தாழ்ந்தது. இளகுவதுபோல் இருந்தது. பிறகு பொட்டுவின் இறக்கையைப் பார்த்தது.

"இது பறக்கணும் அண்ணே. நான் வேற ஒண்ணும் கேக்கலை. கழிமுகத்துக்கு இது என் பக்கத்துல பறந்து வரணும். போன வருஷம் மூணைக் குடுத்தேன். இந்த வருஷம் இந்த ஒரு இறக்கையையும் குடுக்கச் சொல்றீங்களா?"

"அஞ்சு மரம் தள்ளித்தான் அந்தக் குஞ்சு இருக்கு. போய் உன் கண்ணால ஒரு தடவை பார்த்துட்டு வா. அதோட அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளு. நான் காத்திருக்கேன். வெயில் வர்றதுக்குள்ள வந்துடலாம்."

நூறு தடவை இறக்கை அடித்தால் போய்விடும் தூரம். ஆனால் இரவெல்லாம் விழித்த உடம்பு. அதைவிட, போய்ப் பார்த்து அது நிஜமாகவே தொங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்ற பயம். வக்கா நகரவில்லை.

"அம்மா," என்றது பொட்டு. "நண்டு கடிக்கிற அளவுக்குக்கூட வலிக்காதுன்னுதானே சொன்னே?"

வக்கா குஞ்சைத் தன் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது.

வெயில் வந்தது. நத்தை ஓட்டுக்குள் இருந்த குழம்பு ஓரத்தில் வெடித்து, சுருங்கி, மண்ணாய்ப் போனது. மரங்கொத்தி முள்ளைப் பட்டையில் துடைத்துவிட்டுப் பறந்துபோனது.

ஏழாம் மரத்திலும் வேண்டாம் என்றார்கள். எட்டிலும், ஒன்பதிலும், பத்திலும் அதே பதில்தான்.

பத்தாம் நாள் காலை ஆள்காட்டி மறுபடி முதல் மரத்தின் கீழே போனது. இந்தத் தடவை நின்று பார்த்தது. பாம்புத்தாராவின் குஞ்சு இறக்கையை உதறியது. காய்ந்த பொருக்கு ஒன்று தண்ணீரில் விழுந்தது. குஞ்சு கிளை நுனிக்கு நடந்து, ஒரு முறை தயங்கி, காற்றில் குதித்து, இரண்டாம் மரம் வரைக்கும் பறந்துபோய் உட்கார்ந்தது.

ஆள்காட்டி உடனே கூவியது.

"ஒண்ணுமில்ல! பறக்குது! ஒண்ணுமில்ல!"

பத்து மரமும் அலறிக்கொண்டு எழும்பின. தாய்கள் குஞ்சுகளை மூடின. கொக்கு, "எங்க பருந்து? எங்க பருந்து?" என்று வானத்தைப் பார்த்துச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. ஆள்காட்டியின் குரல் அப்படி. அதில் எதைச் சொன்னாலும் ஆபத்தாகத்தான் கேட்கும். ஆபத்து என்று கூவ அந்த ஏரியில் ஒரு குரல் இருந்தது. ஆபத்து இல்லை என்று கூவ ஒரு குரல் இல்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாரும் நினைத்ததே இல்லை.

வேறு வழியில்லை. ஆள்காட்டி தண்ணீரில் இறங்கி மரம் மரமாக நடக்கத் தொடங்கியது. ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று கழுத்தை நீட்டி, மெதுவாகச் சொல்லிப் பார்த்தது. மெதுவாகப் பேசி அதற்குப் பழக்கமில்லை. பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றது. ஆறாம் மரத்துக்கு வந்தபோது உச்சிவெயில். வக்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி கூப்பிட்டது, கேட்கவில்லை. சத்தமாகக் கூப்பிட்டால் மறுபடி ஏரியே எழும்பும். ஆகவே அங்கேயே ஒற்றைக்காலில் நின்றது. பொழுது சாயும்வரை நின்றது.

வக்கா மீனுக்குக் கிளம்ப எழுந்தபோது கீழே அதைப் பார்த்தது.

"அக்கா, நீங்களா? என்ன ஆபத்து?"

"ஆபத்து இல்ல வக்கா. நான் தப்பாக் கூவிட்டேன். வீங்கினதை மட்டும் பார்த்துட்டுக் கூவிட்டேன். அந்தக் குஞ்சு இன்னிக்குப் பறந்துடுச்சு."

வக்கா மீனுக்குப் போகவில்லை. நேராக முதல் மரத்துக்குப் பறந்தது. அங்கே பாம்புத்தாராவின் குஞ்சுகள் கிளைக்குக் கிளை தாவிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"இறக்கை எப்படியிருக்கு அக்கா?" என்று கேட்டது வக்கா.

"நல்லாயிருக்கே," என்றது பாம்புத்தாரா. "அன்னிக்கே நல்லாத்தான் இருந்துச்சு. யாரும் வந்து கேக்கலையே."

வக்கா அங்கிருந்து மொட்டைப் பனைக்குப் போனது. மரங்கொத்தி நத்தை ஓட்டைக் கவிழ்த்துக் காட்டியது.

"தினமும் விடியக்காலம் அந்தந்த மரத்துப் பங்கைக் குழைச்சுக்கிட்டுத்தான் போனேன். கடைசி அஞ்சு நாளும் யாராவது ஒருத்தராவது சரின்னு சொல்லுவாங்கன்னு குழைச்சேன். குழைக்காம வெச்சிருந்தா இன்னிக்கு இருந்திருக்கும்."

"கொஞ்சம்கூட இல்லையா அண்ணே? ஒரு முள்ளு நுனிக்கு?"

"இல்லம்மா."

"புறாகிட்ட?"

"உதிர்ந்து முடிஞ்சுடுச்சு. இனி அடுத்த தை."

வக்கா சிறிது நேரம் பனையின் மொட்டை உச்சியில் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் தெற்கே வெகுதூரம் தெரியும். கழிமுகம் தெரியாது. அது இருக்கும் திசை மட்டும் தெரியும்.

மாசி வந்தது. தண்ணீர் இறங்கி, ஓரமெல்லாம் சேறானது. கொசு கிளம்பியது.

முதல் ஐந்து மரங்களில் ஒரு குஞ்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆறாம் மரத்திலிருந்து தொடங்கியது. பத்தாம் மரம்வரை இருபத்துமூன்று குஞ்சுகளுக்கு அம்மை வந்தது. ஒவ்வொரு விடியலிலும் இரைச்சல் கொஞ்சம் குறைந்தது. மரங்கொத்தி தட்டுவதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

பொட்டுவின் அலகோரத்தில் ஒரு பரு வந்தது. வக்கா அதை அலகால் தொட்டுப் பார்த்தது. அது அதற்குத் தெரிந்த பரு. நாலாம் நாள் இரண்டு கண்ணிமையும் வீங்கி மூடிக்கொண்டன.

"இருட்டிடுச்சாம்மா?"

"ஆமா."

"கொசு சத்தம் மட்டும் கேக்குது. தண்ணி கதை சொல்லு."

வக்கா பகலில் தூங்குவதை விட்டது. மீனை அலகிலேயே மசித்துத் தொண்டைக்குள் விட்டது. பாதி வெளியே வழியும். வழிந்ததை எடுத்து மறுபடி விடும்.

ஒரு சாயங்காலம் வக்கா மீனுக்குப் போயிருந்த நேரம், ஆறாம் மரத்தடிச் சேற்றில் நரி வந்து நின்றது. தண்ணீர் இருந்தவரை அதனால் அங்கே வர முடியவில்லை.

"பொட்டு," என்று குழைந்த குரலில் கூப்பிட்டது. "அம்மா வந்திருக்கேன். கிளை நுனிக்கு வா. மீன் வெச்சிருக்கேன்."

"அம்மா குரல் இப்படி இருக்காதே."

"தொண்டையில முள்ளு மாட்டிக்கிச்சு கண்ணு. கெண்டை. உனக்குப் பிடிக்குமே. வா."

பொட்டுவுக்குப் பசி. ஒரு அடி வைத்தது. காலால் கிளையைத் தடவி இன்னொரு அடி வைத்தது.

பத்தடி தள்ளிச் சேற்றில் ஆள்காட்டி நின்றிருந்தது. மரம் மரமாக நடந்து விசாரிப்பது இப்போது அதன் வழக்கமாகியிருந்தது. அது நரியின் வாலைப் பார்த்தது. அண்ணாந்து கிளை நுனியைப் பார்த்தது. இரண்டையும் நன்றாகப் பார்த்த பிறகு கூவியது.

"நரி! ஆறாம் மரத்தடியில நரி!"

"நரி! ஆறாம் மரம்!" என்றது மீன்கொத்தி. "நரி! ஆறாம் மரம்!" என்றது நீர்க்காகம். கொக்குகூட இந்தத் தடவை எதையும் கூட்டவில்லை. நீர்க்காகங்கள் இறங்கின, கூழைக்கடா இறங்கியது, ஏரியின் மறுகரையிலிருந்து வக்கா அலகில் மீனோடு வந்து நரியின் காதில் கொத்தியது. மீன் சேற்றில் விழுந்தது. நரி, "நான் ஒண்ணும் செய்யலை, கேக்கத்தான் வந்தேன்," என்று ஊளையிட்டுக்கொண்டே சேறு தெறிக்க ஓடியது. அதன்பிறகு அந்தக் கரையில் அதை யாரும் பார்க்கவில்லை.

இருபத்துமூன்றில் ஒன்பது பிழைத்தன. அந்த ஒன்பதில் பொட்டுவும் ஒன்று. அதன் வலது கண் திறந்தது. இடது கண் திறக்கவேயில்லை.

பங்குனியில் ஏரி நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கியது. கூட்டம் கிளம்பும் நாள் வந்தது. பொட்டு இறக்கையை விரித்துத் தாயின் இறக்கையோடு வைத்துப் பார்த்தது. நோயில் கிடந்த நாளெல்லாம் இறகு வளரவில்லை.

"எவ்வளவு குறையுதும்மா?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா?"

வக்கா அளந்து பார்க்கவில்லை. மேலே பறவைகள் தெற்கே போய்க்கொண்டிருந்தன. பாம்புத்தாராவின் குஞ்சும் அதில் இருந்தது. இறக்கை மடிப்பில் சின்ன வடு. கீழேயிருந்து பார்த்தால் அது தெரியாது. ஒற்றைக் கண்ணால் பார்ப்பதற்காகப் பொட்டு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டது. கடைசிப் பறவை புள்ளியாகி மறையும்வரை சாய்த்தபடியே இருந்தது.

"அம்மா, இந்நேரம் அங்க தண்ணி வந்திருக்குமா, போயிருக்குமா?"

"போயிருக்கும்."

"வந்துடும்தானே?"

"வந்துடும்."

மொட்டைப் பனையிலிருந்து மூன்று தட்டுக் கேட்டது. வக்கா அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னது. "அண்ணே, அடுத்த தையில எங்க மரத்துக்கு முதல்ல வாங்க."

"வரேன் தங்கச்சி," என்றது மரங்கொத்தி.

காதில் விழுந்த பயத்தைக் கண்ணால் பார்க்காமல் பரப்புகிறவரும், கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நம்புகிறவரும், எதைக் காக்க நினைத்தார்களோ அதையே இழப்பார்கள்.

பொழுது சாய்ந்தது. வக்கா குட்டையின் ஓரத்தில் இறங்கி, கழுத்தைச் சுருக்கிக்கொண்டு, பொட்டுவுக்கு மீன் தேடத் தொடங்கியது.